பின்வண்டியோடு நெடும்பயணம்



நம் கெடா மாநிலத்தில் பனி பெய்வதில்லை. ஆயினும் 'விண்டர்' என்னும் சொல் நம் தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், பாலும் குறையும். அதைத் துரைமார்கள் 'விண்டரிங்' என்றுதான் குறிப்பிட்டு வந்தார்கள். குளிர்நாடுகளில் அந்தச் சொல் உண்மையான பனிக்காலத்தைக் குறிக்கும். அங்கே சிலர் அந்தப் பனிக்காலத்திலும் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய அந்தப் பின்வண்டியைக் கேரவன் என்கிறார்கள்.

இந்தப் பழக்கம் இப்போது நம் நாட்டிலும் பரவி வருகிறது. கேரவன் இல்லாவிட்டாலும், கூடாரமும் சமையல் சாமான்களும் ஏற்றிய சிறு டிரெய்லரைக் காரில் பூட்டிக்கொண்டு ஆண்டு இறுதி விடுமுறையில் புறப்படுகிறவர்கள் உண்டு. சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ புறப்பட்டு, மலையைக் கடந்து கிழக்குக்கரைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பயணத்தில் பின்வண்டியை எப்படிப் பாதுகாப்பாக இழுத்துச் செல்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பாரவண்டியோடு நெடுவழி செல்வது தமிழர்களுக்குப் பழக்கமான காரியமே. சங்க காலத்து உப்பு வணிகர்களாகிய உமணர்கள், வண்டியில் உப்பேற்றி மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டுக்குச் சென்றார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிச் சென்றார்கள் என்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடல் தருகிறது. நாம் இன்று காரில் வைத்திருக்கும் 'ஸ்பேர் டயர்' அந்த மாற்று அச்சின் வழித்தோன்றல்தானே! பின்வண்டிக்கும் தனியாக ஒரு மாற்று டயர் வேண்டும். காரின் டயர் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

இன்பச் சுற்றுலாவுக்கென்றே வீட்டுவண்டி கட்டிய முன்னோடிகளில் ஒருவர், கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். 1885 ஆம் ஆண்டில் அவர் இரண்டு குதிரைகள் பூட்டிய வண்டியில் பிரிட்டனின் தெற்கிலிருந்து வடக்கே இன்வர்னஸ் வரை சென்றார். பின்னர் குதிரை இருந்த இடத்தில் மோட்டார் கார் வந்தது. வேகம் வந்தது, அதோடு ஆபத்தும் வந்தது.

நம் தோட்டங்களிலும் இதே மாற்றம்தான் நடந்தது. ஒரு காலத்தில் மாட்டுவண்டி பாலை ஏற்றிச் சென்றது. பிறகு டிராக்டரும் டிரெய்லரும் வந்தன. வெளிக்காட்டிலிருந்து பால் தோம்பையும், பின்னர் செம்பனைக் குலைகளையும் டிராக்டர் இழுத்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆகவே பின்வண்டியின் குணம் நமக்கு ஓரளவு தெரியும். ஆனால் டிராக்டர் மெதுவாகச் செல்வது. கார் விரைவாகச் செல்வது. மெதுவாகப் போகும்போது வெளிப்படாத குறைகள் வேகத்தில் வெளிப்பட்டு உயிரையே வாங்கிவிடும். இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, பாரத்தைப் பற்றிப் பார்ப்போம்.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். பின்வண்டி இழுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. உங்கள் கார் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். சில சிறு கார்கள் எதையும் இழுக்கவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும். கேரவன் பழக்கம் மிகுந்த பிரிட்டனில், அனுபவம் குறைந்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பின்வண்டி, சாமான்கள் எல்லாம் சேர்ந்து காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதே அந்தக் கணக்கு. கார் 1,200 கிலோ என்றால் பின்வண்டி 1,020 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டின் அளவே முடிவானது.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டுவிட முடியாது. தண்ணீரை எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அறுபது லிட்டர் தொட்டியை நிரப்பினால் ஓர் ஆளையே கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். ஆகவே தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது. பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம். வளைவுகளில் நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மோதி வண்டியை ஆட்டும். பால் தோம்பு இழுத்த டிராக்டர் ஓட்டுநர்களைக் கேட்டால் இதை நன்றாக விளக்குவார்கள்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே, எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். கனமான பொருள்களைத் தாழ்வாக, அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னாலும் வைக்க வேண்டும். இலேசான துணிமணிகளைப் பின்னால் வைக்கலாம். இதன் காரணம் என்ன? பின்வண்டியின் மூக்கு, அதாவது கொக்கி, காரின் மேல் சிறிதளவு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனில் பின்வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்கிறார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு என்கிறார்கள். 800 கிலோ பின்வண்டிக்கு முதல் கணக்கில் 40 முதல் 56 கிலோவும், இரண்டாவது கணக்கில் 80 முதல் 120 கிலோவும் வரும். இங்கேயும் உங்கள் காரின் கொக்கி தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. பின்வண்டியை மட்டமாக நிறுத்தி, கொக்கியின் அடியில் ஒரு கட்டை கொடுத்து, ஆள் எடை பார்க்கும் சிறிய தராசின் மேல் இறக்கினால் இந்த எடை தெரிந்துவிடும்.

பின்பக்கம் கனத்து, மூக்கு இலேசானால் என்ன ஆகும்? சாலையில் போகும்போது ஒரு பெரிய லோரி நம்மை முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் காற்று முதலில் பின்வண்டியைத் தள்ளும், பிறகு இழுக்கும். மூக்கு கனமாக இருந்தால் ஓர் ஆட்டத்தோடு நின்றுவிடும். வால் கனமாக இருந்தால், கடிகாரத்தின் ஊசல் போல அது இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். கடைசியில் நாய் வாலை ஆட்டுவது போய், வால் நாயை ஆட்டும். கார் சாலையை விட்டே போய்விடும். அலோர் ஸ்டாருக்கு இருபுறமும் மறைப்பே இல்லாமல் பரந்து கிடக்கிறதே வயல்வெளி, அங்கே குறுக்கே வீசும் காற்றும் இந்த வேலையைச் செய்யும்.

ஆட்டம் கண்டுவிட்டால் என்ன செய்வது? பயந்து பிரேக்கை அழுத்திவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பாதீர்கள். நாம் ஒரு பக்கம் திருப்பும் நேரத்தில் வண்டி அடுத்த பக்கம் போயிருக்கும். நம் கையே ஆட்டத்துக்குத் துணை செய்ததாகிவிடும். ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் கொடுப்பதை மட்டும் மெல்ல விடுங்கள். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கும். பிறகு ஓரத்தில் நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். 'இப்போது சரியாகிவிட்டது' என்று அப்படியே போகக் கூடாது.

அடுத்து, இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எப்படியோ, அப்படித்தான் பின்வண்டிக்குக் கொக்கியும் அதன் பூட்டாணியும். கொக்கியை மாட்டியபின், பின்வண்டியின் மூக்கைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால்தான் அது சரியாகப் பூட்டியிருக்கிறது. கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதிருக்க, அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். கழன்று விழும் மூக்கை அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கிக்கொள்ளும், தார்ச்சாலையில் குத்தவிடாது. பின்னர் விளக்குக் கம்பியை இணைத்து, ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, பிரேக் விளக்கும் திருப்புவிளக்கும் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் பற்றி ரப்பர் தோட்டத்து மக்களுக்குச் சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதுதான். பெடோங்கிலும் பாடாங் செராயிலும் அதிகாலை இருட்டில் வெட்டிய பாலும் எத்தனையோ டயர்களாக உருண்டிருக்கும். ஆனால் அதே ரப்பருக்கு முதுமையும் உண்டு. பின்வண்டி ஆண்டில் பத்து மாதம் வெயிலில் சும்மா நிற்கும். பள்ளம் தேயாமல் புதிதாகத் தோன்றினாலும், பக்கச்சுவரில் மயிரிழைபோல் வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருப்பார்கள். 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வெடிப்பு விட்ட டயரை மலைப்பாதைக்குக் கொண்டுபோகக் கூடாது. புறப்பட்டு ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி, சக்கரத்தின் நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பாருங்கள். அப்போதே சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால், பேரிங்கில் கிரீஸ் இல்லை அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

நேயர்களே, இப்போது மலைப்பாதைக்கு வருவோம். கெடாவிலிருந்து கிளந்தானுக்குச் செல்பவர்கள் பாலிங், பெங்காலான் ஹுலு வழியாகக் கெரிக்கை அடைந்து, அங்கிருந்து ஜெலி வரை கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் செல்கிறார்கள். 1982 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தச் சாலை, காட்டையும் தெமெங்கோர் ஏரியையும் கடந்து, தித்திவாங்சா மலைத்தொடரில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம்வரை ஏறி இறங்குகிறது. மூடுபனி இறங்கும், யானைகள் சாலையைக் கடக்கும். பின்வண்டியோடு இங்கே இரவில் போவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. யானையைக் கண்டு சட்டென்று பின்னால் எடுக்கலாம் என்று எண்ண முடியாது. பின்வண்டி பூட்டிய கார் பின்னால் போகும்போது, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டி வலப்பக்கம் போகும். பழகாதவர் அவசரத்தில் அதைச் செய்தால், வண்டி மடக்குக்கத்தி போல் மடிந்து குறுக்கே நின்றுவிடும். ஆகவே, புறப்படுவதற்கு முன்பே ஊரில் ஒரு காலித் திடலில் பின்னெடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர்களிடம் கற்றால் அரைநாளில் கைவந்துவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரும் பின்வண்டியும் சேர்ந்து 2,000 கிலோ. இறங்கும் உயரம் 500 மீட்டர் என்று கொள்வோம். இவ்வளவு பாரத்தைப் பிரேக்காலேயே அடக்கி இறக்கினால், முப்பது லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் பிரேக்குகளில் உண்டாகும். அந்தச் சூட்டில் பிரேக் பிடிப்பை இழந்துவிடும். மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ, அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லோரி ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தானியங்கிக் கியர் உள்ள கார்களிலும் குறைந்த கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அதற்கு மாறிவிட வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டுமேயன்றி, காலை அதன்மேல் வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது.

வேகத்துக்கும் இதுவே நியாயம். வேகம் இரட்டித்தால் வண்டியின் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அறுபதிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குப் போனாலே அந்த ஆற்றல் ஏறக்குறைய எழுபத்தெட்டு விழுக்காடு கூடிவிடுகிறது. நேரான நெடுஞ்சாலையிலும் எண்பதைத் தாண்டாமல் போகிறவர் அரைமணி நேரம் பிந்தலாம். ஆனால் வீடு வந்து சேருவார்.

இனி மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. இதில் நம் மக்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டிசம்பர் பிற்பகுதியில் கெடாவில் பெரும்பாலும் மழை ஓய்ந்துவரும். சுங்கைப் பட்டாணியில் வெயில் அடிக்கும். அதை நம்பிப் புறப்படுகிறோம். மலையைத் தாண்டினால் கிழக்குக்கரையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளம் அந்தக் காலத்தில் வந்ததுதான். கெடாவும் வெள்ளத்துக்குத் தப்பியதன்று. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் பகுதி வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே நம் வீட்டு வாசலில் தெரியும் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், போகிற ஊரின் வானிலை அறிவிப்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சாலையை வெள்ளம் கடந்து ஓடினால், முப்பது சென்டிமீட்டர் ஆழ நீரோட்டமே சிறிய காரை மிதக்கச் செய்யலாம். பின்வண்டியோ வெற்றுப் பெட்டி போன்றது. காரைவிட எளிதில் மிதக்கும். அது மிதந்து ஒருபக்கம் இழுக்கப்பட்டால் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 'முன்னால் போன லோரி கடந்துவிட்டதே' என்று பின்தொடர வேண்டாம். லோரிக்கு உள்ள கனமும் உயரமும் நமக்கு இல்லை.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நம் மக்களுக்கு ஆற்றங்கரை என்றால் ஆசை. ஆனால் மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே திடீரென்று பெருக்கெடுத்து வரும். மலாய்க்காரர்கள் அதைக் 'கெபாலா ஆயர்' என்கிறார்கள். 18.8.2021 அன்று குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களைப் பலிகொண்டது. 4.7.2022 அன்று பாலிங் வட்டாரத்தில் கூப்பாங் பகுதியைத் தாக்கிய வெள்ளத்திலும் உயிர்கள் போயின. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிகழ்ந்தவை அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆற்றுநீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ, சாமானை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். பின்வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம். அதை ஆற்றோரம் நிறுத்தாமல், சாலைப் பக்கம் பார்த்து, மேட்டில் நிறுத்துவதே முறை.

குளிரான இடங்களில் தங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. கேமரன் மலை போன்ற இடங்களில் இரவுக் குளிருக்கு அஞ்சி, பின்வண்டியின் கதவு சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். சமையல் காற்று காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். ஆகவே தரையோரம் உள்ள காற்றுத்துளைகளை எறும்பு வருகிறது, குளிர் வருகிறது என்று அடைத்துவிடாதீர்கள்.

முடிவாக, நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று. ஓடுகிற பின்வண்டியில் ஆளை ஏற்றாதீர்கள். நம் தோட்டங்களில் டிரெய்லரில் ஆள்கள் வேலைக்காட்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் திருவிழாவுக்கும் போனார்கள். வேறு வழியில்லாத காலத்தில் நடந்தது அது. 'அப்போதெல்லாம் போகவில்லையா?' என்று இப்போது பிள்ளைகளைக் கேரவனில் படுக்கவைத்துக்கொண்டு போவது பெருந்தவறு. இடைவாரும் இல்லை, மோதலைத் தாங்கும் உறுதியும் அதற்கு இல்லை. உள்ளே பிள்ளை கத்தினாலும் ஓட்டுகிறவர் காதில் விழாது. அதேபோல், பின்வண்டிக்கான பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்புறுதி ஆகியவற்றை ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் நேரில் கேட்டு, ஒழுங்குபடுத்திக்கொண்டு புறப்படுங்கள்.

பாரத்தை முன்னால் தாழ்வாக வையுங்கள். கொக்கியையும் சங்கிலியையும் சரிபாருங்கள். இறக்கத்தில் கியரை நம்புங்கள். வெள்ளத்தைக் கண்டால் திரும்புங்கள். ஆற்றை விட்டு விலகித் தங்குங்கள். பயணம் என்பது குடும்பத்தோடு போவது மட்டுமன்று. போன அத்தனை பேரும் திரும்பி வருவதும் அதில் அடங்கும். உங்கள் பயணங்கள் அவ்வாறே அமைய வாழ்த்தி விடைபெறுகிறேன்.